காபோர் மாமா எங்கே தங்கியிருக்கிறார்?

அல்மாஷ்கூத்,
22 மே 1988

அன்புத் தம்பி தெனேஷுக்கு,

உனக்கும் மார்த்தாவுக்கும் ஆசீர்வாதமும் சமாதானமும். நான் நலம், பசுவும் நலம். முழங்கால் மட்டும் மழை வருவதை வானத்துக்கு முன்பே சொல்லிவிடுகிறது. உன் வயிறு எப்படி இருக்கிறது?

இதைத் தபாலில் போடவில்லை. நம் ஊர்க் கைத்தையல் விரிப்புகள் வாங்க புடாபெஷ்டிலிருந்து வரும் டீச்சர் அம்மாள் நூல்கண்டுக்குள் சுற்றிக் கொண்டுவருகிறார். அதனால் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஏப்ரல் மாதக் காற்றில் நம் சபைக் கோயில் கோபுரத்தின் உச்சி சாய்ந்துவிட்டது. தகரக் கொல்லர் பாலின்ட் ஏறி, காற்றுக்குச் சுற்றும் தகரச் சேவலையும் அதற்குக் கீழே இருந்த கலசத்தையும் இறக்கினார். கோபுரத்தைப் பழுது பார்க்கும்போதெல்லாம் அந்தந்தக் காலத்து நாணயம் ஒன்றைக் கலசத்தில் போட்டு மூடுவது நம் வழக்கம்தானே? உள்ளே இருந்ததை மேசையில் பரப்பினோம். மரியா தெரேசாவின் செம்புக் காசு. ஃபெரென்ஸ் யோசெஃபின் வெள்ளிக்காசு. கடைசியாகப் போட்ட ருமேனிய ராஜாவின் காசு. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. எல்லாரும் வியன்னாவிலோ புக்கரெஸ்டிலோ உட்கார்ந்துகொண்டு நம்மை ஆண்டவர்கள். இந்தத் திரான்சில்வேனியா மண்ணிலேயே இருந்து ஆண்ட நம் ஹங்கேரிய இளவரசர் பெத்லென் காபோர் அதில் இல்லை. நம் கோயில் மணியைக் கொடுத்தவரே அவர்தான்!

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நீ வேலை பார்த்த நாணயசாலையில் அவர் நினைவாக வெள்ளிக்காசு அடித்தார்கள். நீ ஒன்று வாங்கி வைத்திருக்கிறாய். அது எனக்கு வேண்டும்.

அக்டோபர் 31, சீர்திருத்தத் திருநாளன்று கலசம் மேலே ஏறுகிறது. மாவட்டக் கட்சி அதிகாரி தோழர் ட்ரகோமிர், தான் கொண்டுவரும் பெட்டியைத் தவிர வேறெதுவும் உள்ளே போகக்கூடாது என்கிறார். நம் ஊரே இடிக்கப்படும் பட்டியலில் இருக்கிறது, அதைக் கேள்விப்பட்டிருப்பாய். வீடுகளை உழுதுவிட்டு எங்களை மாடிக் கட்டடங்களில் அடைக்கப் போகிறார்களாம். வெளிநாட்டுப் பத்திரிகைகள் கூச்சல் போடுவதால், "பாருங்கள், கோயிலைக்கூடப் பழுது பார்க்கிறோம்" என்று படம் பிடித்துக் காட்ட வேண்டுமாம். இடிக்கப் போகிற வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள்.

உன் அத்தான் போன பிறகு கோயில் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். "பொம்பளைக்கு எதுக்குக் கோயில் சாவி?" என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. சாவி இப்போது என் இடுப்பில் இருக்கிறது. என் பொறுப்பில் ஏறும் கலசத்தில் காபோர் இல்லாமல் போகக்கூடாது.

டீச்சரிடம் காசைக் கொடுத்தனுப்பாதே. நம் வீட்டு வம்பை அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. நீயே கொண்டுவா. தபாலில் எழுதும்போது காசைக் "காபோர் மாமா" என்று சொல். இங்கே கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறார்கள்.

நீ வந்து ஆறு வருஷமாகிறது. அத்தான் அடக்கத்துக்கும் வரவில்லை. அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை.

அக்கா,
ரெபெகா


புடாபெஷ்ட்,
14 ஜூன் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தர் உன்னைக் காப்பாராக. இங்கே எல்லாரும் சுகம். என் வயிறு பழையபடிதான், மிளகாய் ஆகவில்லை. உன் முழங்காலுக்கு முட்டைக்கோஸ் இலையைச் சூடாக்கிக் கட்டச் சொல்கிறாள் மார்த்தா.

காபோர் மாமாவை நீ அழைத்தது சந்தோஷம். ஆனால் அவருக்கு வயதாகிவிட்டது அல்லவா? தலைசுற்றல் இருக்கிறது. நீண்ட ரயில் பயணம் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் பெட்டியை விட்டு வெளியே வருவதே அபூர்வம்.

எனக்கு ஒரு யோசனை. மாமா அங்கே வருவதைவிட நீ இங்கே வந்துவிடலாம். பின்னறை காலியாக இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் ட்ராம் சத்தம் கேட்கும், பழகிவிடும். கோபுரம் அதன் பாட்டுக்கு இருக்கட்டும்.

அன்புடன்,
தெ.


அல்மாஷ்கூத்,
3 ஜூலை 1988

அன்புத் தம்பிக்கு,

சமாதானம் உண்டாவதாக, முக்கியமாக உன் வயிற்றுக்கு. முட்டைக்கோஸ் இலை கட்டினேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, பசு இலையைத் தின்றுவிட்டது.

தலைசுற்றல் மாமாவுக்கா, உனக்கா? அந்தக் காலத்தில் காய்ச்சலோடு குதிரை ஏறிச் சண்டைக்குப் போன மனுஷன் அவர். நீயோ வாத்து துரத்தியதற்குச் சமையல் மேசை மேல் ஏறி நின்றவன். இறக்கிவிட நான்தான் வர வேண்டியிருந்தது.

பின்னறைக்கு நன்றி. எனக்கு முன்னறை இருக்கிறது. அதன் ஜன்னலைத் திறந்தால் கோபுரம் தெரியும். இப்போது தலையில்லாமல் நிற்கிறது. அதை அப்படி விட்டுவிட்டு நான் ட்ராம் சத்தம் கேட்க வரமாட்டேன்.

ஒன்று கேட்கிறேன். அது என்ன "தெ." என்று ஒரு எழுத்தும் ஒரு புள்ளியும்? பேரின் மீதியை எல்லையில் பிடுங்கிக்கொண்டார்களா?

அக்கா ரெபெகா


புடாபெஷ்ட்,
21 ஆகஸ்ட் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், உன் சுகத்துக்கும் வேண்டுகிறோம். பதில் எழுதத் தாமதமானதற்குக் கோபிக்காதே. இரண்டு முறை எழுதிக் கிழித்தேன்.

நேற்று இஷ்த்வான் ராஜா திருநாள். வாணவேடிக்கை பார்க்க ஆற்றங்கரையில் நின்றிருந்தோம். பக்கத்தில் தோளில் குழந்தையோடு ஒருவன் நின்றான். பேச்சைக் கேட்டதுமே நம் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிட்டது. சோளக்காட்டு வழியாக எல்லை தாண்டி வந்தவனாம். "உங்க பேச்சும் எங்க ஊருப் பேச்சாட்டம் இருக்கே, எந்த ஊருங்க?" என்று கேட்டான். "புடாபெஷ்ட்தான்" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்துபோனான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, அக்கா. அதற்குப் பிறகு வாணவேடிக்கை எதையும் நான் பார்க்கவில்லை.

மார்த்தா என் பழைய குளிர்கோட்டைப் பிரித்துச் சரிசெய்துகொண்டிருக்கிறாள். செப்டம்பர் கடைசியில் வருகிறோம், நானும் காபோர் மாமாவும்.

தெனேஷ்


புடாபெஷ்ட்,
9 அக்டோபர் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த பிளம் ரொட்டியை ரயிலிலேயே முடித்துவிட்டேன், வயிறு ஒன்றும் சொல்லவில்லை. இதை டீச்சர் கொண்டுவருகிறார். அதனால் அங்கே மேசையில் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன்.

அங்கே நீ கத்தரிக்கோலால் என் கோட்டின் நாலாவது பொத்தானைப் பிரித்து, அதைச் சுற்றித் தைத்திருந்த துணிக்குள்ளிருந்து காசை எடுத்தபோது சிரித்தாய். "இதுக்காடா நாலு மாசம் நடுங்குன?" என்றாய். நான் நடுங்கியது காசுக்காக இல்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது எல்லையில் என்னை இறக்கினார்கள். பிப்ரவரி மாதம். துணியை எல்லாம் கழற்றச் சொன்னார்கள். ரயில் என்னை விட்டுவிட்டுப் போகும்வரை உள்ளாடையோடு நடைமேடையில் நிற்க வைத்தார்கள். ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் என்னிடம் ஒன்றும் இல்லை. பெட்டி ஜன்னல்களிலிருந்து ஜனங்கள் பார்த்தார்கள். மார்த்தாவிடம்கூட இதைச் சொன்னதில்லை. அத்தான் இறந்த தந்தி வந்தபோது ஸ்டேஷன்வரை போனேன். கால் ஏறவில்லை.

இந்தத் தடவையும் எல்லைக் காவலன் ஒருவன் வந்தான். என் கோட்டைத் தடவிப் பார்த்தான்.

"நல்ல கோட்டு. கழட்டு."

"மாட்டேன்."

"என்னது?"

"மாட்டேங்க. குளிருது. காப்பித்தூள் இருக்கு, சோப்பு இருக்கு, எல்லாத்தையும் எடுத்துக்குங்க. கோட்டு என்னோடது."

பேசியது என் வாய்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவன் என் பையைத் திறந்தான். அப்புறம் காப்பியையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். இவ்வளவுதானா என்று எனக்கு அழுகை வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே இதைச் சொல்லியிருந்தால் அத்தான் முகத்தைப் பார்த்திருப்பேன்.

முப்பத்தொன்றாம் தேதி ஜாக்கிரதை.

தம்பி தெனேஷ்


அல்மாஷ்கூத்,
6 நவம்பர் 1988

அன்புத் தம்பிக்கு,

ஆசீர்வாதம். நலம். முதல் உறைபனி விழுந்துவிட்டது. இதைத் தபாலில் அனுப்புகிறேன், அதனால் ஊர்ச் செய்தி மட்டும்.

உன் போன கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான் உன்னைப் பற்றி நினைத்ததெல்லாம் தப்பு. இந்த ஒரு வரி போதும் என்று நினைக்கிறேன்.

திருநாள் சிறப்பாக நடந்தது. தோழர் ட்ரகோமிர் புகைப்படக்காரரோடு வந்தார். கலசத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பாலின்டிடம் பாக்கெட்டை வெளியே இழுத்துவிடச் சொன்னார். போதகரின் வேதாகமத்தை உதறிப் பார்த்தார். என் கைப்பையை மேசையில் கொட்டினார். கைக்குட்டை, சாவி, பாதி ஆப்பிள். பிறகு தன் பெட்டியைத் தானே உள்ளே வைத்து, கண்ணெதிரே ஈயம் வைத்து அடைக்கச் சொன்னார். அதுவரை மூச்சுவிடாமல் நின்றவர் அப்புறம்தான் சிரித்தார்.

"சேவலக் குடுங்க, அதோட ஒரு படம் எடுத்துக்குவோம்."

புதுக் கறுப்பு பூசிய சேவலைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். படம் மாவட்டப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் வந்திருக்கிறது. எனக்கு இரண்டு பிரதி கிடைத்தது.

காபோர் மாமா சௌக்கியம். அவருக்கு இடம் கிடைக்கவில்லையே என்று நீ கவலைப்பட வேண்டாம். நல்ல காற்றோட்டமான இடம்.

அக்கா ரெபெகா


புடாபெஷ்ட்,
8 ஜனவரி 1989

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு ஆசிகள். சுகமாக இருக்கிறாயா? சுகம் என்று ஒரே ஒரு வார்த்தை எழுது, போதும்.

நவம்பருக்குப் பிறகு நான் எழுதிய மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. கிறிஸ்துமஸுக்குக்கூட அட்டை வரவில்லை. காபோர் மாமா உன் வீட்டில் இருப்பது உனக்குத் தொந்தரவு என்றால் தயவுசெய்து அவரை வேறு எங்காவது அனுப்பிவிடு. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கலசம் மூடியாயிற்று, நம்மால் முடிந்தது அவ்வளவுதான். அதற்காக உன்னைப் பணயம் வைக்காதே.

தெனேஷ்


அல்மாஷ்கூத்,
12 பிப்ரவரி 1989

அன்புத் தம்பிக்கு,

சமாதானம். சுகம். நீ கேட்ட ஒரு வார்த்தை அது.

எழுத்து கோணலாக இருப்பதற்குக் கோபிக்காதே. கதவு கைமேல் சாத்திக்கொண்டது. இடது கையால் எழுதுகிறேன்.

டிசம்பரில் போலீஸ் வந்தது. என் வீட்டில் பதிவு செய்யாத அந்நியர் ஒருவர் தங்கியிருக்கிறாராம். நடந்தது அவர்களுக்கே தெரிந்த விஷயம்தான், எழுதுவதில் குற்றமில்லை. பரண் மேல் ஏறினார்கள். வைக்கோலைக் குத்திப் பார்த்தார்கள். பன்றித் தொழுவத்துக்குள் ஒருவன் தவழ்ந்து போய், போன வேகத்தில் திரும்பி வந்தான். அப்புறம் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள்.

"காபோர் மாமா எங்க?"

"செத்துட்டாருங்க."

"எப்போ?"

"ரொம்ப காலமாச்சு."

"அப்போ செப்டம்பர்ல உன் தம்பியோட வந்தது யாரு?"

"அவருதான்."

சார்ஜென்ட்டுக்கு இது பிடிக்கவில்லை. அவர் இங்கே தங்கியதாக ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார். போடவில்லை. அபராதம் கட்டச் சொன்னார். தங்காத விருந்தாளிக்கு நான் எதற்குக் கட்டுவது? என்னை வீட்டுக்கு அனுப்புவதற்குள் ஊரில் பனி மூடிவிட்டது. பசுவைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கறந்து பார்த்துக்கொண்டார்கள்.

நீ வராதே. இப்போது வேண்டாம்.

ரெபெகா


புடாபெஷ்ட்,
5 மார்ச் 1989

அக்கா,

எந்தக் கதவு?

நீ வலது கையால் எழுதுகிறவள். அந்தக் கை எப்படி இருக்கிறது? டாக்டர் பார்த்தாரா? விரல் மடங்குகிறதா? மார்த்தா உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேரே போய்ப் பின்னறையில் படுக்கை விரித்துவிட்டாள். வந்துவிடு அக்கா. இது யோசனை இல்லை, கெஞ்சல்.

தெனேஷ்


அல்மாஷ்கூத்,
16 ஏப்ரல் 1989

அன்புத் தம்பி தெனேஷுக்கும், இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் பிரித்துப் படிக்கிற ஐயாவுக்கும் ஆசீர்வாதமும் சமாதானமும். இருவரும் நலமா? ஐயாவுக்குக் கண் வலி எதுவும் இல்லையே? என் இடது கை எழுத்து கொஞ்சம் சிரமம்தான்.

இனி மாமா என்று எழுதப் போவதில்லை. பெத்லென் காபோர் என்றே எழுதுகிறேன்.

குளிர்காலம் முழுக்க மழையும் பனியும் அடித்தது. மார்ச் கடைசியில் ஒரு நாள் வெயில் வந்தபோது பள்ளிக்கூடப் பிள்ளைகள் தெருவில் நின்று கத்தினார்கள்: "சேவலுக்குக் கண்ணு முழிச்சிருச்சு!" ஊரே வெளியே வந்து அண்ணாந்து பார்த்தது. அன்றிலிருந்து பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போது கோபுரத்தைப் பார்த்து "காபோர் மாமா, வணக்கம்!" என்கிறார்கள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. போலீஸ் வீடு வீடாக அந்தப் பேரைக் கேட்டதில் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது.

போன வாரம் தோழர் ட்ரகோமிர் காரில் வந்து இறங்கினார்.

"யாரும்மா அந்தக் காபோர்? எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

"ஒளிக்கலீங்க. வாங்க, காட்டறேன்."

கோயில் முற்றத்துக்கு அழைத்துப்போனேன். ஊரில் பாதிப் பேர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். சேவல் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. காத்திருந்தோம். காற்று மாறியது, சேவல் திரும்பியது, கண் பளிச்சென்றது.

"என்ன அது?"

"வெள்ளிக்காசு. பெத்லென் காபோர். முகம் வெளிப்பக்கம் இருக்கு. கலசத்துல எடமில்லன்னு நீங்கதானே சொன்னீங்க? அதுக்கு மேல வெச்சுட்டோம்."

"எப்போ வெச்சீங்க?"

"நீங்க மார்போட அணைச்சுப் படம் எடுத்துக்கிட்டீங்களே, அப்பவே இருந்துச்சு. பாலின்ட் கரியும் கொழுப்பும் கொழைச்சு மேல பூசியிருந்தாரு. மழையில கரைஞ்சிருச்சு."

அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. இறக்கச் சொன்னார். பாலின்ட் எல்லை தாண்டி ஆஸ்திரியா போய்ச் சேர்ந்துவிட்டார். வேறு யாருக்கு அங்கே ஏறத் தெரியும்? "வேணும்னா நீங்களே ஏறுங்க, ஏணிய நான் புடிச்சுக்கறேன். ஏன் எறக்குனீங்கன்னு மேல கேட்டா என்ன எழுதுவீங்க?" என்றேன். வேலிப் பக்கம் யாரோ சிரித்தார்கள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஊருக்கே தெரியும். உங்களுக்குத்தான் தெரியாம இருந்துச்சு."

"அந்தப் படம்... பத்திரிகை... எத்தனை பேருகிட்ட இருக்கு?"

"எல்லா வீட்டுலயும் சட்டம் போட்டு மாட்டியிருக்கோம், தோழர்."

காரில் ஏறிப் போய்விட்டார். அபராதத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

நீ எந்தக் கதவு என்று கேட்டாய். போலீஸ் ஸ்டேஷன் கதவு. அது தானாகச் சாத்தவில்லை. இரண்டு விரல் இனி மடங்காது. காபோர் எங்கே என்று கேட்டுத்தான் சாத்தினார்கள். எனக்குத் தெரியும், அன்றைக்கு ஜன்னல் வழியாக எனக்குக் கோபுரமும் தெரிந்தது. வலித்தது. அழுதேன். சொல்லவில்லை.

பின்னறையை வேறு யாருக்காவது கொடுங்கள். அந்தச் சோளக்காட்டு வழியாக வந்தவன் கிடைத்தால் அவனுக்கே கொடுங்கள். ஊரை இடிக்க வந்தால் முதலில் கோபுரத்தில் கை வைப்பார்கள். அப்போது நான் சாவியோடு கீழே நிற்க வேண்டும்.

பத்திரிகைப் படத்தைக் கத்தரித்து இதோடு வைத்திருக்கிறேன். கடிதத்தைப் படிக்கிற ஐயா இதை மேலே அனுப்ப நினைத்தால் தாராளமாக அனுப்பலாம். தோழர் ட்ரகோமிர் படத்தில் அழகாக விழுந்திருக்கிறார்.

அக்கா,
பேன்டெக் ரெபெகா,
கோயில் பொறுப்பாளர்


புடாபெஷ்ட்,
3 மே 1989

அன்புள்ள அக்காவுக்கும், நமக்கு நடுவில் இருக்கும் ஐயாவுக்கும் வணக்கமும் சமாதானமும்.

உன் கடிதம் வந்தது. உறையைப் பிரித்து மறுபடியும் ஒட்டியிருந்தார்கள். ஒரு வரிகூட அடிக்கப்படவில்லை. கத்தரித்த படம் மட்டும் உள்ளே இல்லை. அதை யாரோ தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்.

உன் விரல்களைப் பற்றிப் படித்த இடத்தில் நான் உடைந்துபோனேன். மார்த்தா மீதியை உரக்கப் படித்தாள். கடைசியில் இருவரும் சிரித்துக்கொண்டே அழுதோம்.

வரவேண்டாம் என்றாய். வருகிறேன். பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு இரண்டு பேருமாக வருகிறோம். மே மாதத்தில் எதற்குக் குளிர்கோட்டு என்று மார்த்தா கேட்கிறாள், அதைத்தான் போட்டுக்கொள்வேன். நாலாவது பொத்தான் இருந்த இடத்தில் புதியது தைக்க வந்தாள். வேண்டாம் என்றுவிட்டேன். எல்லையில் கேட்டால் அது எங்கே போயிற்று என்று சொல்வேன். அண்ணாந்து பார்க்கவும் சொல்வேன்.

உறையின் பின்பக்கம் என் முழு முகவரி இருக்கிறது. ஐயா குறித்துக்கொள்ளலாம்.

பேன்டெக் தெனேஷ்,
அல்மாஷ்கூத்தில் பிறந்தவன்